மனுதாரர் வியாகுலம்

சேசு மரி சூசை

தங்கச்சிமடம்
12-2-1960

அன்பு மகன் இன்னாசிக்கு,

அம்மா எழுதுகிறேன். சர்வேசுரன் புண்ணியத்தில் நானும், வேளாங்கண்ணி சின்னம்மாவும், அவள் பிள்ளைகளும் சுகம். மதுரையில் பனி விட்டுவிட்டதா? இருமல் என்று எழுதியிருந்தாயே, குருமடத்தில் கொடுக்கிற மருந்தை விடாமல் குடி. கசக்கிறது என்று கீழே ஊற்றிவிடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

இந்த வருஷ வாடைக்காற்றில் நம் கூரையின் வடபக்கம் முழுக்கப் பிய்ந்துபோனது. உன் அய்யா இருந்தவரைக்கும் அவரே மேய்ந்துவிடுவார். அவர் காமாலையில் போன பிறகு நாலு வருஷமாகக் கூலிக்கு ஆள் பிடித்துத்தான் மேய்கிறேன். மழை இறங்கினால் கருவாட்டு மூட்டைகளுக்குக் குடிசையில் ஒரு மூலை, எனக்கு ஒரு மூலை. இந்தத் தடவை என் மூலையையும் மூட்டைகளுக்கே கொடுத்துவிட்டுச் சின்னம்மா வீட்டில் போய்ப் படுத்தேன்.

அது கிடக்கட்டும். ஒரு நல்ல சேதி. போன வாரம் கிராம சேவக் வந்து கோயில் வாசலில் கூட்டம் போட்டார். மீன்பிடித்துப் பிழைக்கிற குடும்பங்களுக்குக் கல்வீடு கட்ட அரசாங்கம் கடன் கொடுக்கிறதாம். இருபது வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கலாம். சொந்த மனை இருக்க வேண்டும், பட்டா இருக்க வேண்டும், கடல்தொழில் செய்கிறவராக இருக்க வேண்டும். பேர் கொடுக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். ஆண்பிள்ளைகள் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நாம் இழுக்கிற வலைக்குச் சொந்தக்காரர் மிக்கேல் சம்மாட்டிதான் முதலில் சிரித்தது. "ஒனக்கெதுக்கு வியாகுலம் கல்வீடு? மகன் சாமியாராகிட்டா பங்களாவுலல்ல வச்சுப் பார்ப்பான்!" என்றார்.

"அது கோயில் வீடு. நான் கேக்குறது என் வீடு" என்றேன். கிராம சேவக் என் பேரை எழுதிக்கொண்டார்.

மனை, என் அய்யா சீதனமாக எழுதிக் கொடுத்த ஐந்து சென்ட். தொழில், உன் அய்யா விட்டுப்போன கரைவலைப் பங்கு. அவர் பிடித்த கயிற்றை இப்போது நான் பிடித்து இழுக்கிறேன். கரையேறுகிற காரல் மீனை உப்புப் போட்டுக் காயவைத்து விற்கிறேன். வேறு என்ன வேண்டும்? மனுப் போடப் போகிறேன். உன் யோசனையை எழுது. அடுத்த வருஷம் உனக்கு என்ன படிப்பு என்பதையும் எழுது. கோயிலில் எல்லோரும் கேட்கிறார்கள்.

உன்னை மாதா காக்கட்டும்.
அம்மா வியாகுலம்


குருமடம், மதுரை
27-2-1960

பாசமுள்ள அம்மாவுக்கு இன்னாசியின் தோத்திரம்.

இருமல் நின்றுவிட்டது. மருந்தைக் குடித்தேன், ஊற்றவில்லை. நீங்கள் நனைந்த ஓலைக்கடியில் படுக்காமல் சின்னம்மா வீட்டுக்குப் போனதே நல்லது.

கூட்டத்தில் நீங்கள் கை தூக்கியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் நிமிர்ந்தது. பட்டாவோடு வில்லங்கச் சான்று ஒன்றும் கேட்பார்கள். மனையின் மேல் வேறு கடனோ வழக்கோ இல்லை என்பதற்கு அது அத்தாட்சி. ரிஜிஸ்தர் ஆபீசில் எழுதிக் கொடுத்தால் தருவார்கள். கணக்குப்பிள்ளையிடம் சொன்னால் மனு எழுதித் தருவார். எதற்கும் அசல் பட்டாவை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இங்கே ஞாயிறு மாலைகளில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க எங்களை அனுப்புகிறார்கள். பின்னக் கணக்கைக் கண்டாலே அழுகிற ஒரு சிறுமி இருந்தாள். ஒரு பனங்கிழங்கை ஒடித்து ஒடித்துக் காட்டினேன். இப்போது அவளே மற்ற பிள்ளைகளை உட்காரவைத்து மிரட்டிச் சொல்லிக்கொடுக்கிறாள். ஞாயிறு எப்போது வரும் என்றிருக்கிறது.

என்னோடு படித்த பரமக்குடிப் பையன் ஒருவன் குருமடத்தை விட்டுப் போய் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்துவிட்டான். அவன் வீட்டில் ஒரே அழுகை என்று கேள்வி. நல்ல பையன்.

அடுத்த வருஷப் படிப்பைப் பற்றி நேரில் சொல்கிறேன். சின்னம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகன்
இன்னாசி


தங்கச்சிமடம்
2-4-1960

அன்பு மகனுக்கு,

தபசுக்காலத்தில் ஒரு பொழுது இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எனக்கு ஒரு குறையும் இல்லை. கையில் கயிறு உராய்ந்த காயம் ஒன்று இருந்தது, அதுவும் காய்ந்துவிட்டது.

வில்லங்கச் சான்று வந்துவிட்டது. சின்னம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் பாலம் தாண்டிக் கடன் ஆபீசுக்குப் போனேன். பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். குமாஸ்தா பட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுத்தமா இருக்கும்மா" என்றார். நான்தான் அந்த மனையைப் பெற்று வளர்த்தவள் மாதிரி எனக்குப் பூரிப்பாக இருந்தது.

பிறகு மனுவை எடுத்து, மனுதாரர் என்ற இடத்தில் உன் அய்யா பேரை எழுதப் போனார். "அவுக இல்லங்க. வியாகுலம்னு எழுதுங்க" என்றேன். பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். என் பேரை வேறொருவர் அத்தனை அழகான கையெழுத்தில் எழுதி நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு வேறு ஒன்று கேட்டார். அது பெரிய காரியமில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாஸ்காவுக்கு உனக்குப் புது வேட்டி கிடைக்குமா? இல்லையென்றால் எழுது, பரமக்குடி வேட்டி ஒன்று வாங்கி அனுப்புகிறேன். நேரில் சொல்கிறேன் என்று எழுதினாயே, இந்த வருஷம் லீவு எப்போது?

உனக்காகத் தினமும் செபமாலை சொல்கிறேன்.
அம்மா


தங்கச்சிமடம்
19-4-1960

இன்னாசிக்குச் சின்னம்மா வேளாங்கண்ணி எழுதியது. நாங்கள் நலம், உன் நலம் வேண்டும். பாஸ்கா பூசை நன்றாக நடந்தது. என் சின்னவன் மெழுகுதிரியில் தலைமயிரைப் பொசுக்கிக்கொண்டான், மற்றபடி ஒன்றுமில்லை.

இந்தக் கடிதம் உன் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை வலையில் சுற்றிக் கடலில் போட்டுவிடுவாள். ஆபீசில் குமாஸ்தா கேட்டது என்ன என்று அவள் உனக்கு எழுதியிருக்க மாட்டாள். நான் பக்கத்தில் நின்றேன், அதனால் சொல்கிறேன்.

"வீட்டுல சம்பாதிக்கிற ஆம்பளை யாரும்மா?" என்று கேட்டார்.

"நான்தான் சம்பாதிக்கிறேன்."

"ஆம்பளைன்னு கேட்டேன்."

"மகன் இருக்கான். மதுரையில சாமியாருக்குப் படிக்கிறான்."

"அப்ப அவரு வந்து கூட்டு மனுதாரரா கையெழுத்துப் போடட்டும். எங்க வேலை, என்ன சம்பளம்னு ஒரு சீட்டு கொண்டாரட்டும்."

"சாமியாருக்கு ஏதுங்க சம்பளம்?" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"அப்ப கடனும் இல்ல. இருபது வருசம் யாரு கட்டுறது? நாளைக்கு இந்தம்மாவுக்கு ஒண்ணு ஆகிப்போனா நான் யாரைப் போயிக் கேப்பேன்?" என்று காகிதக் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டார்.

திரும்பும் வழியில் உன் அம்மா பாம்பனில் வண்டி மாறும்போது என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "இது இன்னாசி காதுக்குப் போகக் கூடாது. போனா எந்திரிச்சு வந்துருவான்."

ஊரில் அவளைச் சாமியாரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோயிலில் முன்னால் இடம் விடுகிறார்கள். அவளுக்கு அதில் எத்தனை சந்தோஷம் என்று உனக்கே தெரியும். அதனால் நீ எழுந்து வந்துவிடாதே. உன் செபத்தில் அவளை வைத்துக்கொள், அதற்காகத்தான் எழுதினேன்.

சின்னம்மா


குருமடம், மதுரை
23-4-1960

அன்புள்ள அம்மாவுக்குத் தோத்திரம். நான் சுகம். உங்கள் கைக்காயம் எப்படி இருக்கிறது?

ஆபீசில் என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்காதீர்கள், கோபிக்காதீர்கள்.

நான் வந்துவிடுகிறேன் அம்மா. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. விதவையான தாயைத் தாங்குவது மகனின் முதல் கடமை என்று வேதமே சொல்கிறது. ஆசிரியர் பயிற்சிக்கு மே மாதக் கடைசி வரை மனு வாங்குகிறார்கள். இரண்டு வருஷப் படிப்பு, மாதாமாதம் உதவிப்பணம் உண்டு. முடித்ததும் நம் தீவிலேயே பள்ளிக்கூட வேலை கிடைக்க வாய்ப்பிருக்கிறது. எல்லாம் விசாரித்துவிட்டேன். சேர்ந்ததற்கு அத்தாட்சி கொடுத்தால் குமாஸ்தா ஒத்துக்கொள்ளக் கூடும்.

வீட்டுக்கு வாசலைக் கிழக்கே வையுங்கள். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று மணலை உள்ளே அடிக்காது. முன்னால் ஒரு சின்ன அறை இருந்தால் மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம்.

குருமடத்து அதிபர் சாமியிடம் இன்னும் பேசவில்லை. நீங்கள் "வா" என்று ஒரு வரி எழுதினால் போதும், அதைக் காட்டிப் பேசிவிடுவேன். தபால் கண்டதும் எழுதுங்கள்.

தங்கள் மகன்
இன்னாசி


தங்கச்சிமடம்
6-5-1960

மகன் இன்னாசிக்கு,

காயம் ஆறிவிட்டது. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் சின்னம்மாவோடு ஒரு வாரமாகப் பேச்சில்லை.

வர வேண்டாம் மகனே. அந்த ஒரு வரியை நான் எழுத மாட்டேன். கையெழுத்துக்கு நான் வேறு வழி பார்த்துவிட்டேன்.

பாம்பனில் கருவாடு மொத்தமாக எடுக்கிற சுலைகா அக்காவை உனக்கு நினைவிருக்கும். கீழக்கரைக்காரர். புருஷன் போன பிறகு யாவாரத்தைத் தானே பார்க்கிறார். மூட்டை கொடுக்கப் போனபோது என் முகத்தைப் பார்த்து, "என்ன புள்ள, உப்பு கூடிப்போன கருவாடு மாதிரி இருக்க?" என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

"வீட்டுக்கு ஆம்பளை கையெழுத்தா? எங்க ஊர்ல வீடுன்னாலே பொம்பளை பேர்லதான் இருக்கும். பொண்ணு பொறந்தாலே வாப்பாமாரு அவளுக்கு வீடு கட்டக் கல்லு சேர்க்க ஆரம்பிச்சிருவாக. மாப்பிள்ளைதான் அவ வீட்டுக்கு வருவாக. ஒங்க ஆபீசுக்காரக இது தெரியாமலா உத்தியோகம் பார்க்காக?" என்றார்.

காகிதக் கட்டைத் தள்ளிவைத்துவிட்டார்களே அக்கா என்றேன்.

"அவுகளுக்கு என்ன பயம்? நீ கட்டாமப் போயிட்டா என்ன செய்யிறதுன்னுதானே? என் பேர்ல தென்னந்தோப்பு இருக்கு. நான் ஜாமீன் போடுறேன். இன்ஷா அல்லா, திங்கக்கிழமை வண்டிக்கு வாரேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். இந்தத் தடவை குமாஸ்தாவிடம் நிற்கவில்லை, ஆபீசரையே பார்த்தோம். கணக்குப்பிள்ளை எழுதித் தந்த மனுவைக் கொடுத்தேன். மீன்பிடிக்கிற குடும்பம் என்றுதான் அரசாங்கம் சொல்லியிருக்கிறது, ஆண்பிள்ளை என்று எங்கே போட்டிருக்கிறது என்று அதில் கேட்டிருந்தேன். அவர் படித்துவிட்டு, "ஊருக்கு வந்து பார்த்துட்டுச் சொல்றேம்மா" என்றார். வரட்டும்.

வாசல் கிழக்கே என்று சொன்னது சரிதான். வைத்துவிடுகிறேன்.

நீ ஒழுங்காகப் படி. பதில் எழுது.
அம்மா


தங்கச்சிமடம்
15-7-1960

அன்பு மகனுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஜூன் மாதம் எழுதிய கடிதமும் கிடைக்கவில்லையா? உடம்புக்கு என்னவோ என்று பயந்து நம் கோயில் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். மதுரைக்குப் போய் வந்தபோது உன்னைப் பார்த்ததாகவும், நன்றாக இருப்பதாகவும் சொன்னார். நன்றாக இருக்கிற பிள்ளை ஏன் எழுதவில்லை?

சரி, என் சேதியைக் கேள். ஆபீசர் வந்தார். எப்போது வந்தார் தெரியுமா? வலை பாதி ஏறியிருக்கும்போது.

வடகடலில் நல்ல அமைதி. வலை கனமாக வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுக்கிறோம். நான் கிழக்குக் கயிற்றில், இடுப்பு வரைக்கும் தண்ணீரில் நிற்கிறேன். கிராம சேவக் கரையிலிருந்து கூப்பிடுகிறார்: "வியாகுலம்! ஆபீசர் வந்திருக்காரு, வா!"

"கயித்தை விட்டா வலை சாஞ்சிரும். இழுத்து முடிச்சிட்டு வாரேன்" என்று கத்தினேன்.

கிராம சேவக்குக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆபீசரோ செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நின்றார். குடையை விரித்தார், காற்று அதைத் திருப்பிப் போட்டது. மடக்கிவிட்டு வெயிலிலேயே நின்றார். வலை மடி கரையேறி, காரலும் சூடை மீனுமாகக் கொட்டின பிறகுதான் நான் போனேன். சேலையைப் பிழிந்துகொண்டே போய்க் கும்பிட்டேன்.

"தினமும் இப்படித்தானாம்மா?"

"கடல் விடுற நாளெல்லாம் இப்படித்தாங்க."

"ஒங்க வீட்டுக்காரர் பங்கா இது?"

"அவுக பங்காத்தான் வந்துச்சு. நாலு வருசமா இழுத்தது நானு. இப்ப இது என் பங்கு."

"சுகமில்லாமப் போனா என்ன செய்வீங்க?"

"எல்லாரும் செய்யிறதைத்தாங்க செய்வேன். ரெண்டு நாள் படுத்துட்டு எந்திரிச்சு வருவேன்."

அப்போது மிக்கேல் சம்மாட்டி தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்தார். கோயில் வாசலில் சிரித்தாரே, அதே மனுஷன். "சார், என் வலையில பங்குக்காரன்னு எழுதியிருக்கது பூராவும் ஆம்பளை. ஆனா வலை போடுற நேரத்துக்கு மொத ஆளா வந்து நிக்கிறது இவதான். கடலுக்குப் போகாத நாள்ல கள்ளச்சாராயம் குடிச்சிட்டுக் கெடக்கிற ஆம்பளைக்குக் குடுக்கிற கடனை இவளுக்குக் குடுக்கப்படாதா?" என்றார். கரையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஆபீசர் மனையைப் பார்த்தார், குடிசையைப் பார்த்தார், கருவாடு காய்கிற இடத்தைப் பார்த்தார். "பார்த்ததை எழுதுறேன். முடிவு மேல இருந்து வரணும்" என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் காரல் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டார். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

எழுது மகனே.
அம்மா


குருமடம், மதுரை
29-7-1960

மரியாதைக்குரிய அம்மாவுக்குத் தோத்திரம்.

தங்கள் கடிதங்கள் கிடைத்தன. உடல்நலத்துக்குக் குறைவில்லை. ஆபீசர் வந்து போனது அறிந்து மகிழ்ச்சி. தங்கள் மனு நிறைவேறச் செபிக்கிறேன்.

பாடங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக் கணக்குப் பள்ளிக்கு இந்த வருஷம் வேறு மாணவர்களை அனுப்புகிறார்கள்.

இங்கே மழை இல்லை.

இன்னாசி


தங்கச்சிமடம்
8-9-1960

அன்பு மகன் இன்னாசிக்கு,

இன்று மாதா பிறந்த திருநாள். நான் சுகம். என் சுகத்தை இன்றைக்குக் கொஞ்சம் பெரிய எழுத்திலேயே எழுதலாம். கடன் சாங்ஷன் ஆகிவிட்டது.

சாங்ஷன் கடிதம் வந்த அன்று தபால்காரர் கரைக்கே கொண்டுவந்து கொடுத்தார். கை ஈரமாக இருந்ததால் சின்னம்மாவைப் பிரிக்கச் சொன்னேன். அவளோடு பேச்சில்லை என்பதே அப்போது மறந்துபோனது. இருவரும் மணலில் உட்கார்ந்து படித்தோம். அவள்தான் அழுதாள்.

சுலைகா அக்காவும் நானும் போய்க் கையெழுத்துப் போட்டோம். அன்றைக்குக் கட்டை ஒதுக்கிவைத்த குமாஸ்தாதான் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். கைநாட்டு மையை எடுத்து வைத்தார். "பேனா குடுங்க" என்றேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள் இல்லையா நான்? ஒவ்வொரு தாளிலும் வியாகுலம், வியாகுலம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஆபீசர் எட்டிப் பார்த்து, "இந்த ஆபீசுல பொம்பளை பேர்ல குடுக்கிற மொத வீட்டுக் கடன் இதுதாம்மா" என்றார். சுலைகா அக்கா, "கடைசியா இருக்காதுல்ல?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டார்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியாகிவிட்டது. அஸ்திவாரம் முடிந்ததும் முதல் தவணை. செங்கல் பரமக்குடிப் பக்கத்திலிருந்து ரயிலில் வரவேண்டும், மழைக்கு முன்னால் இறக்கிவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருக்கிறேன்.

இனி நான் எழுதப் போவதை நிதானமாகப் படி.

ஏப்ரலில் நீ எழுதிய கடிதத்தில் ஒன்று என்னை உறுத்தியது. ஒன்பது வருஷம் இருந்த குருமடத்தை விட்டு வருகிறேன் என்று எழுதுகிற பிள்ளை, அதற்காக ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை. பள்ளிக்கூடம், உதவிப்பணம், வாசல், அறை என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். நான் வேண்டாம் என்றதும் உன் கடிதமே நின்றுபோனது. வந்த ஒன்றும் யாரோ எழுதியது மாதிரி இருந்தது.

நான் அன்றைக்கு வா என்று எழுதியிருந்தால் உனக்கு லேசாகப் போயிருக்கும். தாய்க்காக வந்த பிள்ளை என்று ஊரே உன்னைத் தூக்கி வைத்திருக்கும். எனக்கும் ஊர்ப் பேச்சுக் குறைந்திருக்கும். ஆனால் அது பொய்யாக இருந்தால், அந்தப் பொய்யின் மேல் நான் எப்படிச் சுவர் எழுப்புவேன்?

நீ பூசை வைக்க வேண்டும், உன் கையால் நான் நன்மை அப்பம் வாங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை மறைக்கவில்லை. ஆனாலும் கேள். கடன் என் பேரில் ஆகிவிட்டது. அதைக் கட்ட நான் போதும். இனி என்னைக் காரணம் காட்டி நீ வர வேண்டியதில்லை. உனக்கென்று ஒரு காரணம் இருந்தால் அதை எனக்கு எழுது. இல்லையென்றால் அங்கேயே மனசோடு இரு.

அம்மா


குருமடம், மதுரை
24-9-1960

என் அம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நலமில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

இந்தக் கடிதத்தை அதிபர் சாமியிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். நேற்று அவரிடம் எல்லாம் பேசிவிட்டேன்.

போன வருஷத் தபசுக்காலத்திலிருந்தே என்னால் முடியவில்லை அம்மா. எனக்கு விசுவாசம் போகவில்லை. பூசை கேட்கப் பிடிக்கிறது. பூசை வைக்கிறவனாக என்னை நினைத்துப் பார்த்தால் வேறு யாருடைய உடுப்பையோ போட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பிள்ளைகள் நடுவில் உட்காரும்போது மட்டும் நான் நானாக இருந்தேன். அதைச் சொல்லத் தைரியம் இல்லை. அய்யா என்னை இங்கே கொண்டுவந்து விட்டபோது ஸ்டேஷனில் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்னார் என்பது கண்ணிலேயே நின்றது. உங்களுக்குக் கோயிலில் இடம் விடுகிறார்கள் என்று சின்னம்மா எழுதியதும் இன்னும் பயந்தேன்.

அப்போதுதான் ஆபீஸ் விஷயம் வந்தது. கடவுளே ஒரு கதவைத் திறந்துவிட்டது போல நினைத்தேன். நீங்கள் அதைச் சாத்தியபோது உங்கள் மேல் கோபம் வந்தது. எனக்கு வேண்டியதை உங்கள் தலையில் வைத்துவிட்டு வரப் பார்த்தேன். நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அதிபர் சாமி கோபிக்கவில்லை. "நல்ல வாத்தியார் கிடைக்கிறதும் திருச்சபைக்கு லாபம்தான்" என்றார். டிசம்பர் வரை இருந்து எழுத வேண்டிய பரீட்சையை எழுதிவிட்டுப் போகச் சொல்கிறார். அடுத்த ஜூனில் பயிற்சிக்கு மனுப் போடுவேன். அதுவரை ஏதாவது வேலை பார்ப்பேன்.

ஊரில் உங்களுக்குத் தலைகுனிவு வரக் கூடாது. அதனால் ஒன்று யோசித்திருக்கிறேன். நான் சாயங்கால வண்டியில் வந்து பாம்பனிலேயே இறங்கிக்கொள்கிறேன். அங்கே என்னோடு படித்தவன் வீட்டில் கொஞ்ச நாள் தங்குகிறேன். ஊரில் பேச்சு அடங்கிய பிறகு நீங்கள் சொல்லும்போது வருகிறேன்.

கோபமாக இருந்தாலும் இரண்டு வரி எழுதுங்கள்.

இன்னாசி


தங்கச்சிமடம்
5-11-1960

அன்பு மகன் இன்னாசிக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

இத்தனை நாள் பதில் போடாததற்கு மழையையும் கட்டுமானத்தையும் காரணம் சொல்லலாம். உண்மை அதுவல்ல. உன் கடிதம் வந்த அன்று நான் கயிறு பிடிக்கப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் படுத்துக் கிடந்தேன். அழுதேன். உன் அய்யா படத்தைத் திருப்பி வைத்தேன், அவர் கேட்பாரோ என்று. பல நாள் உன் மேல் கோபமாக இருந்தது. பிறகு என் மேல் கோபம். பிள்ளை ஒன்றரை வருஷமாக மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறான், நான் கோயிலில் முன்னால் இடம் கிடைக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

வேலை யாருக்காகவும் நிற்கவில்லை. கொத்தனார் வந்து கூப்பிட்டார், எழுந்து போனேன். சுவர் வாசல் நிலைக்கு மேலே வந்துவிட்டது. ஆபீசர் வந்து பார்த்து அடுத்த தவணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மழைக்குச் சுவரின் தலையில் ஓலை போட்டு மூடியிருக்கிறேன். முன்னால் அந்தச் சின்ன அறையும் இருக்கிறது. நீ வந்தாலும் வராவிட்டாலும் கட்டுவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். கருவாடு வைக்க ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நின்றோம். கோயிலில் என் பக்கத்தில் உட்காருகிற அற்புதம்மாள் கேட்டாள்: "சாமியாரம்மா, புது வீட்டை மந்திரிக்க மகன் சாமியாராகி வர்ற வரைக்கும் காத்திருப்பீகளா, இல்ல நம்ம பங்குச் சாமியே போதுமா?"

இன்னும் எத்தனை பேர் எத்தனை தடவை கேட்பார்கள், நான் எத்தனை தடவை சமாளிப்பேன் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்:

"பங்குச் சாமியே மந்திரிக்கட்டும். எம் மகன் சாமியாராகலை. டிசம்பர்ல குருமடத்தை விட்டு வாரான். வாத்தியாருக்குப் படிக்கப் போறான்."

சின்னம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அற்புதம்மாள், "அய்யோ, பாவமே!" என்று கன்னத்தில் கைவைத்தாள்.

"பாவம் எதுக்கு அற்புதம்? மனசுல ஒண்ண வச்சுக்கிட்டுப் பூசை வைக்கிறதுக்கு முன்னாடியே, அதிபர் சாமிக்கிட்ட மெய்யைச் சொல்லிட்டு வாரான். ஒத்தைக்கு ஒத்தையா நின்னு சொல்லியிருக்கான். அந்தத் தைரியம் நம்ம ஊர்ல எத்தனை ஆம்பளைக்கு இருக்கு, சொல்லு பார்ப்போம்?" என்றேன்.

மிக்கேல் சம்மாட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் பேரனுக்குக் கணக்கு சுத்தமா வரலை. இன்னாசி வந்ததும் அனுப்பி வைக்கிறேன்" என்றார். அதற்கப்புறம் பேச்சு மழைக்கும் மீனுக்கும் போய்விட்டது. நான் வீடு வந்து சேரும் வரைக்கும் எங்கும் நிற்காமல் வேகமாகத்தான் நடந்தேன். ஆனால் தலை குனியவில்லை மகனே. குனிவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. உன் அய்யா படத்தையும் திருப்பி நேராக வைத்துவிட்டேன்.

தரை இன்னும் போடவில்லை, ஓடும் வரவில்லை. கிறிஸ்துமசுக்கு நாம் சின்னம்மா வீட்டில்தான் சாப்பிட வேண்டியிருக்கும். அவள் இப்போதே கோழிக்குச் சொல்லி வைத்துவிட்டாள். பரீட்சையை நன்றாக எழுது. அதிபர் சாமியின் காலைத் தொட்டு, என் தோத்திரத்தையும் சொல்லிவிட்டு வா.

சாயங்கால வண்டியில் வராதே. காலை வண்டிக்கு ஏறு. பாம்பனோடு நின்றுவிடாமல் வண்டி மாறி, நம் ஊர் ஸ்டேஷனிலேயே, பட்டப்பகலில் இறங்கு. நான் பூசைச் சேலையைக் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பேன். ஊருக்குள் இரண்டு பேரும் சேர்ந்தே நடப்போம்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா வியாகுலம்